மூன்று செப்புக் காசா, ஒரு சீசர் வெள்ளியா?

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் கோவில் சங்கத்துக்கு ஒரு மாடி அறை உண்டு. சனிக்கிழமை காலையில் அங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கும். ஜன்னலோரம் ஒரு கண்ணாடிப் பெட்டி வெகுநாளாகக் காலியாகக் கிடக்கிறது. வருடப்பிறப்புக்குள் அதில் பழங்காசுகள் வைப்பது என்று முடிவாகி, முப்பதாயிரம் ரூபாயும் சேர்ந்துவிட்டது. எந்தக் காசு என்பதில்தான் ஒத்துப்போகவில்லை.

சங்கத் தலைவர் மாமாவுக்கு ராஜராஜன்தான் வேண்டும். "வேற பேச்சே வேணாம் தம்பி, பிள்ளைங்க ராஜராஜனைப் பார்க்கணும்" என்றார். உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் அக்கா, கொங்கு நாட்டில் புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசை வைக்கச் சொல்கிறார். இளைஞர்களுக்குச் சங்க காலக் காசு, அதுவும் தமிழ் எழுத்துள்ள காசு. மூன்றையும் எடைபோட்டு எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. அதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். இதே மாதிரி ஒரு பெட்டியை நிரப்ப நினைக்கும் மற்ற ஊர்ச் சங்கங்களுக்கும் உதவலாம்.

எதை வைத்து எடைபோடுவது? செய்தித்தாள் இல்லாத காலத்தில் அரசனின் பேச்சு எழுதப் படிக்கத் தெரியாதவன் கைக்கும் போய்ச் சேர்ந்தது காசின் வழியாகத்தான். கோவில் சுவரில் வெட்டியதைப் படிக்க ஆள் வேண்டும். காசு தானாக மடியில் வந்து விழும். ஆனால் அதில் இருப்பது அரசன் சொல்ல விரும்பியது மட்டும். தோல்வியைக் காசில் போட்டவன் யாருமில்லை. ஆகவே ஒரு காசைச் சரித்திரச் சான்றாக எடுக்கும்போது இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: இவன் என்ன சொல்லச் சொன்னான்? அவன் சொல்லச் சொல்லாமலே இந்தக் காசு என்ன சொல்கிறது? பன்னிரண்டு வயதுப் பிள்ளை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, இந்த இரண்டு கேள்விக்கும் தன் கண்ணாலேயே விடை பார்க்க வேண்டும். எனக்கு அது போதும்.

அசல் காசு பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கக் கூடாது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972ஆம் ஆண்டு இந்தியத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். தனியார் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. இலங்கையிலும் உரிமம் இல்லாமல் அனுப்ப முடியாது. இணையத்தில் "அசல் சோழர் காசு, இலவசத் தபால்" என்று வரும் விளம்பரத்தில் ஒன்று கள்ளத்தனமாக வெளியே வந்த காசு இருக்கும், அல்லது கள்ளக் காசு இருக்கும். போன வருஷம் அப்படி வந்த ஒன்றை நண்பர் என்னிடம் காட்டினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் விளிம்பைச் சுற்றி மெல்லிய தையல் மாதிரி ஒரு கோடு ஓடியது. முகமெல்லாம் ஊசிமுனை அளவுக் குழிகள். அச்சுக்கு நடுவே வைத்துச் சுத்தியால் அடித்த காசில் அந்தக் கோடு வராது. இரண்டு பாதி வார்ப்பில் உலோகத்தை ஊற்றி எடுத்தால்தான் வரும். குழிகள் காற்றுக் குமிழின் தடம். நண்பர் கொடுத்த பணம் போனது போனதுதான். நாம் அருங்காட்சியகப் படங்களை வைத்து நகல் செய்வோம், பின்பக்கம் "நகல்" என்று ஆழமாகப் பொறிப்போம். நாளைக்கு யார் கைக்குப் போனாலும் அது யாரையும் ஏமாற்றக் கூடாது.

இனி அக்கா கேட்கும் ரோமானிய வெள்ளி. முதலில் எனக்கும் இதுதான் ஆசை.

தமிழ்நாட்டில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பங்கு இரண்டே வகை. ஒன்று ரோமாபுரிப் பேரரசன் அகஸ்டஸ் போட்டது, மற்றது அவனுக்குப் பின் வந்த திபேரியஸ் போட்டது. அகஸ்டஸ் காசைச் சற்று நெருங்கிப் பாருங்கள். ஒரு பக்கம் வாகை மாலை சூடிய தலை. சுற்றிலும் எழுத்து: "தெய்வத்தின் மகன், நாட்டின் தந்தை." மறுபக்கம் இரண்டு இளைஞர்கள் நேரே பார்த்து நிற்கிறார்கள். நடுவில் இரண்டு கேடயம், இரண்டு ஈட்டி. இவர்கள் காயுஸ், லூசியுஸ். அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரன்கள். தத்தெடுத்து வாரிசாக்கிக்கொண்டான். எனக்குப் பிறகு இவர்கள், யாரும் கவலைப்பட வேண்டாம் என்று நாடெங்கும் சொல்வதற்காகவே இந்தக் காசு. கி.பி. 2இல் லூசியுஸ் இறந்தான். கி.பி. 4இல் காயுஸும் இறந்தான். காசு மட்டும் கப்பலேறி, பருவக்காற்றைப் பிடித்து, மேற்குக் கரையில் முசிறித் துறைமுகத்தில் இறங்கி, பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாட்டுக்கு வந்து மண்ணுக்குள் போனது. செத்துப்போன இரண்டு பிள்ளைகளை வாரிசு என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஏன் கொங்குக்கு வந்தது? படியூரில் பச்சைக்கல், கொடுமணலில் மணி அறுக்கும் பட்டறைகள், மேற்குக் கரையில் மிளகு. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் என்று அகநானூறு சொல்கிறது. இந்தியா வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் (ரோமானியக் காசு) உறிஞ்சிக்கொள்கிறது என்று எழுத்தாளன் பிளினி ரோமாபுரியில் உட்கார்ந்து புலம்புகிறான். வாங்கியவன் வீட்டுப் புலம்பலும் விற்றவன் வீட்டுப் பாட்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. அதோடு, பின்வந்த பேரரசன் நீரோ கி.பி. 64இல் வெள்ளிக் காசின் எடையையும் தரத்தையும் குறைத்தான். அதற்குப் பின் அடித்த வெள்ளி தமிழ்நாட்டுப் புதையல்களில் அரிது. நம் வணிகர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, தராசைப் பார்த்தார்கள்.

இதற்கு இன்னும் வலுவான சாட்சி 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த ரோமானியப் பொற்காசுப் புதையல். ஐந்நூறு காசு. பெரும்பாலானவற்றில் பேரரசன் தலைக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. இனி இது காசாகச் செல்லாது, வெறும் பொன் என்று காட்டவே வெட்டினார்கள் என்பது பலர் சொல்லும் விளக்கம். அவற்றில் பல இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது நான் வெகுநேரம் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உலகத்தையே ஆண்டவன் கன்னத்தில் பெயர் தெரியாத ஒரு தமிழ்த் தட்டான் வைத்த உளி!

இவ்வளவு இருந்தும் இதை முதல் தேர்வாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சான்றாக இந்தக் காசுக்கு ஈடில்லை. ஆனால் அரசன் பேச்சு மக்கள் மனத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதை இதில் பார்க்க முடியாது. கப்பல் ஏறியதும் அந்தப் பேச்சு செத்துவிட்டது. கொங்கு வணிகனுக்கு காயுஸ் யார், லூசியுஸ் யார்? அவன் கைக்கு வந்தது நாலு கிராம் வெள்ளி. எங்கள் பிள்ளைகளுக்கு நான் காட்ட நினைப்பதில் பாதிதான் இதில் இருக்கிறது.

சங்க காலக் காசை விரைவாக முடித்துவிடலாம், அதன் மதிப்பு குறைவு என்பதால் அல்ல. 1980களில் இரா. கிருஷ்ணமூர்த்தி வெளியிட்ட சதுரச் செப்புக் காசில் பழைய தமிழ் எழுத்தான தமிழ்ப் பிராமியில் "பெருவழுதி" என்று இருக்கிறது. மறுபக்கம் பாண்டியர் மீன். கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சேரர் வெள்ளியில் ரோமானியப் பாணியில் ஒரு தலையும் "மாக்கோதை" என்ற பெயரும். பாட்டில் மட்டும் கேட்ட பெயர்கள் உலோகத்தில் வந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. சங்கப் பாட்டுகளைப் பிற்காலக் கற்பனை என்று தள்ளியவர்களுக்கு அந்தச் சதுரச் செம்பு ஒரு பதில். ஆனால் பெருவழுதி என்ற பெயர் ஒருவனுக்கு மேற்பட்ட பாண்டியருக்கு உண்டு. எந்தப் பெருவழுதி என்று காசு சொல்லாது. ஆற்று மணலைச் சலித்து எடுத்த காசுக்கு எந்த மண்ணடுக்கு, பக்கத்தில் என்ன கிடந்தது என்ற விவரமும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய தேய்ந்த செம்பில் பிராமி எழுத்தைப் பிள்ளைகளால் தாங்களாகப் பிரித்துப் பார்க்க முடியாது. நான் விளக்க, அவர்கள் தலையாட்ட வேண்டியிருக்கும். இளைஞர்கள் மன்னிக்க வேண்டும். இதைச் சுவரில் பெரிய படமாக மாட்டலாம்.

சரி, மாமாவின் ராஜராஜன்.

நகல் ஒன்றைச் செய்து வகுப்பில் சுற்றவிட்டேன். ஒரு பக்கம் நிற்கும் உருவம், கையில் பூ. மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் எழுத்து. கோட்டுச் சித்திரம் மாதிரி இருக்கும்: கண் ஒரு புள்ளி, வேட்டி இரண்டு மூன்று வளைவு. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கி சன்லா சா?" என்றான். இது யார் என்று இங்கத்துப் பேச்சுமொழியான கிரியோலில் கேட்கிறான். ராஜராஜ சோழன் என்றேன். அவன் நம்பவில்லை. தஞ்சைப் பெரிய கோவில் கட்டியவன் இப்படியா இருப்பான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. பிறகு ஒரு பெண் பிள்ளை எழுத்தைக் காட்டி, "மிஸ்யே, இது தமிழ் இல்லையே" என்றாள்.

இல்லைதான். "ஸ்ரீ ராஜராஜ" என்று நாகரியில், இன்று இந்தி எழுதும் எழுத்தின் வகையில், இருக்கிறது.

மொரிஷியஸ் தமிழர்களுக்கு இது எங்கே தைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1998இல் புதிய நோட்டு வந்தபோது நாகரி மேலேயும் தமிழ் கீழேயும் போனது. காலங்காலமாக ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழ் ஒரு படி இறங்கியது. நம் பெரியவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, 1999இல் தமிழைப் பழைய இடத்தில் வைத்து மறுபடி அச்சடித்தது. தலைவர் மாமா அந்தக் கூட்டங்களில் நின்றவர். காசில் எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அவர் விரும்பும் மன்னனே தன் காசில் நாகரியைப் போட்டிருக்கிறான்.

இதை மறைத்து வைக்கலாமா? கூடாது. இந்தக் காசை நான் தேர்ந்தெடுக்க முதல் காரணமே இதுதான். அதே ராஜராஜன் தஞ்சைக் கோவில் சுவரில் தன் வெற்றிகளைத் தமிழில் வெட்டினான். சுவர் பேசியது ஊராரிடமும் கோவில் கணக்கரிடமும். காசு பேசியது கங்கைக்கரை முதல் ஈழம் வரை நாகரியைப் பெரிய அரசர்களின் எழுத்தாகப் பார்த்தவர்களிடம். இது என் கருத்து. ஒரே அரசன், இரண்டு இடம், இரண்டு குரல். சுவரையும் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகளுக்கே இது புரியும்.

சோழர் போட்ட இன்னொரு வகைக் காசும் உண்டு. நடுவில் புலி உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் மீனும் வில்லும். மேலே ஒரே குடை. பாண்டியனும் சேரனும் என் குடைக்கீழ் என்பதைப் படிக்கத் தெரியாதவனுக்கும் சொல்லிவிடுகிற படம். அரசன் புகழைக் கல்வெட்டில் பாடும் நூறு வரி மெய்க்கீர்த்தி செய்யும் வேலையை ஒரு அங்குல உலோகம் செய்கிறது. ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காசு சொல்வதை மெய்க்கீர்த்தியும் சொல்கிறது, ஆகவே உண்மை என்று முடிவுகட்டக் கூடாது. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை. ஈழத்தை வென்றது உண்மை என்று நாம் துணிந்து சொல்வது, தோற்ற பக்கத்தின் நூலான சூளவம்சமும் தங்கள் மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சோழர் பிடித்துக்கொண்டு போனதை வேதனையோடு எழுதி வைத்திருப்பதால். எதிரி ஒப்புக்கொண்டது மன்னன் சொன்னதைவிடப் பெறுமதி.

ஆக, ராஜராஜன் தனியாக வந்தால் வெறும் பெருமை. அவனோடு இன்னும் இரண்டு செப்புக் காசு வர வேண்டும்.

முதலாவது, இலங்கை அரசி லீலாவதியின் காசு. 1070இல் சிங்கள மன்னன் விஜயபாகு இலங்கையின் பொலன்னறுவையைச் சோழரிடமிருந்து மீட்டுக்கொண்டான். சோழர் போனார்கள், அவர்கள் காசின் உருவம் போகவில்லை. பின்வந்த சிங்கள மன்னர்கள் அதே நிற்கும் ஆள், அதே உட்கார்ந்த ஆள், அதே நாகரி என்று, பெயரை மட்டும் மாற்றி அடித்துக்கொண்டே இருந்தார்கள். 1197இல் முதல்முறை அரியணை ஏறிய லீலாவதி ஒரு பெண். அவள் காசிலும் அதே உருவம்தான், "ஸ்ரீ ராஜ லீலாவதி" என்று எழுத்து. நூற்றுக்கணக்கான வருஷமாகச் சந்தையில் பழகிப்போன உருவத்தை மாற்றினால் எவனும் வாங்கமாட்டான். ராஜராஜன் தன்னைக் காட்டிக்கொள்ளப் போட்ட உருவம், கடைசியில் "இது நல்ல காசு" என்பதற்கு அடையாளமாகிவிட்டது. அது யார் என்று அந்தப் பையன் கேட்டானே, அந்தக் கேள்விக்குப் பொலன்னறுவைக் கடைத்தெருவில் விடை தேவைப்படவில்லை. அரசன் பேச்சு மக்கள் கையில் என்ன ஆகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஜோடி எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாவது, 1216இல் பட்டமேறிய மாறவர்மன் சுந்தரபாண்டியன் போட்டது. புலிக்குப் பக்கத்தில் மீனாக ஒதுங்கியிருந்த பாண்டியர் இருநூறு வருஷம் கழித்துக் கொடுத்த பதில். எழுத்து: "சோணாடு கொண்டான்." நாகரி இல்லை, தமிழ். எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்தின் வடிவம் கொஞ்சம் வேறாகத் தெரியும். ஆனால் "ன்" எங்கே என்று கேட்டால் தேடிக் கண்டுபிடிப்பார்கள். இதே மன்னனின் கல்வெட்டு இன்னொன்றும் சொல்கிறது: "சோணாடு வழங்கியருளிய." பிடித்த நாட்டைத் தோற்ற சோழனிடமே திருப்பிக் கொடுத்தவன் என்று பொருள். காசில் கொண்டது மட்டும் இருக்கிறது, கொடுத்தது இல்லை. அந்தச் சிறிய செம்பில் இடம் இல்லை என்று சொல்லலாம். இருந்த இடத்தில் எதைப் போட்டான், எதை விட்டான் என்று கேட்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

என் முடிவு இந்த மூன்று செப்புக் காசு. மூன்றிலும் அரசன் சொன்னதும் இருக்கிறது, சொல்லாததும் தெரிகிறது, ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று விளங்குகிறது. செலவும் குறைவு: நகலோடு ஒவ்வொன்றுக்கும் கையளவு பெரிதாக்கிய பிரதியும் செய்யலாம், பிள்ளைகள் விரலால் தடவிப் பார்க்க. இதில் இழப்பும் உண்டு. கடல் வாணிகம், மிளகு, யவனர் என்ற பெரிய கதை பெட்டிக்கு வெளியே போகிறது. அந்த உளி வெட்டும் போகிறது, எனக்கு அதில்தான் வருத்தம். அக்காவிடம் சொன்னேன். "அடுத்த வருஷம் என் பெட்டிய நீ தூக்கிட்டு வரணும்" என்றார். தூக்கிக்கொண்டு வருவேன்.

மாமாவிடம் நாகரி விஷயத்தைச் சொல்லத் தயங்கினேன். நகலைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்து பீரோவைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த நூறு ரூபாய் நோட்டு இரண்டை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டிலும் மொரிஷியஸ் தமிழ்த் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன் முகம். ஒன்று 1998, ஒன்று 1999. "இதையும் பக்கத்துல வை" என்றார்.

இப்போது அசல் என்று சொல்ல எங்கள் பெட்டியில் அந்த நோட்டுகள் மட்டும் இல்லை. எங்கள் வீட்டுப் பாட்டியின் சங்கிலியில் ஒரு வெள்ளி ரூபாய் தொங்கும். அதையும் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மேல் விளிம்பில் வளையம் பற்றவைத்திருக்கிறது. விக்டோரியாவின் மூக்கு தோலில் உரசி உரசித் தேய்ந்துவிட்டது. 1876 வரை இந்திய ரூபாயில் "ராணி" என்று இருந்த இடத்தில் அடுத்த வருஷத்திலிருந்து "பேரரசி" என்று வந்தது, இதில் பேரரசி. கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் ஆட்களோடு வந்து குவிந்த இந்திய ரூபாயால்தான் 1876இல் இந்தத் தீவின் பணமே ரூபாய் ஆனது. பாட்டியின் அம்மாவுக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. கூலியில் மிச்சம் பிடித்தது, கழுத்தில் இருந்தால் திருடு போகாது, அவ்வளவுதான். கொங்கு வணிகன் கையில் சீசர் ஆனதுதான் ரோஸ் ஹில் கழுத்தில் விக்டோரியாவுக்கும் ஆகியிருக்கிறது. ரோமானிய வெள்ளியை விட்டுக்கொடுத்ததில் எனக்கு இருந்த குறை இதனால் பாதி தீர்ந்தது.

பெட்டிக்குள் வைக்கும் விளக்க அட்டைகள் எழுதி முடித்தாகிவிட்டது. தமிழ், கிரியோல், ஆங்கிலம் என்று மூன்று மொழி. பிள்ளைகள் தடுமாறாமல் படிப்பது கிரியோல். வகுப்பு நடப்பது தமிழுக்காக. எதை மேலே போடுவது என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசுகிறோம், மாமா சீக்கிரமே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.